பிடித்த நஞ்சை எங்கே வைப்பது?

பஹ்ரைனின் ஈசா டவுனில் நாம் பாத்திரம் கழுவிய நீர், சலவைக் கடையின் சோப்புத் தண்ணீர், கஃபிட்டேரியா அடுப்படியில் வழிந்த எண்ணெய் எல்லாம் தரைக்கு அடியில் கலந்து, பக்கத்தில் இருக்கும் துப்ளிக்குப் போகின்றன. 1982 முதல் அங்கே இயங்கிவரும் சுத்திகரிப்பு நிலையம்தான் பஹ்ரைனில் மிகப் பெரியது. நாளொன்றுக்கு 2 லட்சம் கன மீட்டர் கழிவுநீரைத் தாங்குவதற்காக இருந்த அந்த நிலையத்துக்கு, ஊர்கள் பெருகப் பெருக அதைவிட மிக அதிகமாகவே வந்துசேர்ந்தது. மிஞ்சியது முழுதாகச் சுத்தமாகாமல் துப்ளி விரிகுடாவில் விழுந்தது. 1997ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த விரிகுடா அது. ராஸ் சனத் பக்கம் நிற்கும் கண்டல் மரங்கள், பிச்சாவரத்தில் நாம் வெண்கண்டல் என்று சொல்லும் அதே இனம். நிலம் நிரப்பி நிரப்பியே விரிகுடாவின் பரப்பு பழைய அளவில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. நிலையத்தின் கொள்ளளவை 4 லட்சம் கன மீட்டராக்கும் விரிவாக்கத்தை அரசு கையில் எடுத்தது. அது வேண்டிய வேலைதான். ஆனால் கொள்ளளவு கூடுவதால் மட்டும் கழிவுநீரின் குணம் மாறிவிடாது.

மனிதக் கழிவையும் உணவுக் கழிவையும் நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும். எந்தச் சுத்திகரிப்பு நிலையமும் அடிப்படையில் அந்த உயிர்களின் பண்ணைதான். ஈயம், காட்மியம், குரோமியம், துணிச்சாயம், மோட்டார் எண்ணெயின் எச்சம், நாம் விழுங்கிய ஆன்டிபயாடிக்கின் மிச்சம் ஆகியவற்றை அவை அப்படித் தின்று தீர்ப்பதில்லை. சில சமயம் அவற்றால் அந்த உயிர்களே சாகும். இந்த இடத்தில்தான் சீராக்கிய களிமண்ணும் ஹைட்ரோஜெல்லும் சேர்ந்த கலவைப் பொருட்களைப் பற்றி உலகமெங்கும் ஆய்வகங்கள் உற்சாகமாகப் பேசுகின்றன. மலிவான மண், கடற்பாசியிலிருந்து வரும் ஒரு கூழ்; இரண்டையும் சேர்த்தால் நஞ்சு மாட்டிக்கொள்கிறது என்கிறார்கள். இந்த உற்சாகம் எனக்கும் உண்டு. ஆனால் இதை ஒரு பொருளாக மட்டும் வாங்கிவிட முடியாது என்பதையும், ஊர் மொத்தமும் சேர்ந்து ஏற்கவேண்டிய ஒப்பந்தம் ஒன்று இதற்குப் பின்னால் இருக்கிறது என்பதையும் இப்போதே பேசியாகவேண்டும்.

மண்துகளையும் பசையையும் சேர்த்து நீரைத் தெளியவைப்பது நமக்குப் புதிதில்லை. கலங்கிய தண்ணீர்ப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டால், அந்தக் கொட்டையின் பசைத்தன்மை மிதக்கும் களித்துகள்களைக் கட்டி அடியில் இறக்கிவிடும் என்பதை நம் பாட்டிமார் அறிந்திருந்தார்கள். மண்துகளும் தாவரப் பசையும் கைகோக்கும் அந்த வேலை, இன்றைய கலவைப் பொருளுக்குத் தூரத்து உறவு. களி நீரில் கரைந்ததையும் பிடிக்கும் என்பதை அறிவியல் தனியாகக் கண்டுகொண்டது 1850ல். இங்கிலாந்தில் ஜே. தாமஸ் வே என்ற வேதியியலர், எரு நீரை மண்ணுக்குள் விட்டால் அம்மோனியா மண்ணிலேயே தங்கிவிடுகிறது, அதற்குப் பதிலாகச் சுண்ணாம்புச் சத்து வெளியே வருகிறது என்று காட்டினார். அந்த மாற்றத்தைச் செய்வது மண்ணில் உள்ள களிதான் என்பதும் அவர் கண்டதே. அயனிப் பரிமாற்றம் என்று இன்று பாடநூல்கள் சொல்லும் சங்கதியின் தொடக்கம், இப்படி ஒரு கழிவுநீர்ச் சோதனையில் இருக்கிறது.

குஜராத்தின் கட்ச் பகுதியில் வெட்டியெடுக்கும் பென்டோனைட் களியின் முக்கியக் கனிமம் மாண்ட்மோரிலோனைட். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும் பொருள் அது. தகடுகளின் மேற்பரப்பில் எதிர்மின் சுமை. அதைச் சமன்செய்ய இடையிடையே சோடியமும் கால்சியமும் தளர்வாக உட்கார்ந்திருக்கும். ஈயம் போன்ற நேர்மின் உலோகம் நீரில் வந்தால், சோடியம் எழுந்து அதற்கு இடம் கொடுத்துவிடும். ஒரு கிராம் களியின் தகடுகளை எல்லாம் பிரித்து விரித்தால் 700 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு வரும். இந்த ஊரில் ஒரு நல்ல வில்லாவின் மனையைவிடப் பெரிய இடம் அது.

ஆனால் எல்லா நஞ்சும் நேர்மின் சுமையோடு வருவதில்லை. தோல் பதனிடும் தொழிலோடும் குரோமேட் ஆலைகளோடும் சேர்ந்து பேசப்படும் ஆறு இணைதிறன் குரோமியம் நீரில் எதிர்மின் அயனியாகத்தான் திரியும். பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்களும் அப்படியே. வெறும் களி அவற்றைத் தள்ளிவிடும். அதனால்தான் களியைச் சீராக்குகிறார்கள்: நேர்மின் தலையும் நீண்ட எண்ணெய்த்தன்மையுள்ள வாலும் கொண்ட மூலக்கூறுகளைத் தகடுகளுக்கிடையே நுழைத்தால், தண்ணீரை விரும்பிய களி எண்ணெயை விரும்பத் தொடங்கும். அந்த எதிர்மின் நஞ்சுகளோடு ஃபீனாலும் பெட்ரோலிய எச்சமும் அதில் ஒட்டும். எண்ணெய்க் கிணறுகளிலிருந்து எண்ணெயோடு ஏறிவரும் நீரைக் கடைசிக்கட்டமாகத் துடைக்க இந்த வகைக் களியை எண்ணெய்த் தொழில் ஏற்கெனவே பயன்படுத்துகிறது. 1932ல் வளைகுடாவின் அரபுக் கரையில் முதன்முதல் எண்ணெய் கண்ட நாட்டில் வாழும் நமக்கு இது அந்நியமான செய்தி ஆகாது.

ஹைட்ரோஜெல் எதற்கு என்றால், களிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. தூளாகப் போட்டால் நீரில் கரைந்ததுபோல் மிதந்து, அடியில் இறங்க மறுக்கும். குழாயில் அடைத்து அதன் வழியே நீரை விட்டால் ஊதிப் பெருத்து வழியை அடைத்துவிடும். ஆகவே அதை ஒரு கூழுக்குள் பிடித்துவைக்க வேண்டியிருக்கிறது. மண்டபம், ராமேசுவரம் கரைகளில் நம் பெண்கள் எடுக்கும் கட்டக்கோரைப் பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட்டில் களியைக் கலந்து, கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டால் ஜவ்வரிசி அளவு மணிகள் திரளும். நீர் மணிக்குள் போய்வரும், களி வெளியே போகாது. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானிலும் இதைச் செய்யலாம். அதன் நேர்மின் தன்மை எதிர்மின் நஞ்சுகளுக்குப் பொருந்தும். தனியாக இருந்தால் கூழ் எளிதில் கிழியும், களி சேர்ந்தால் உறுதிப்படும். 2002ல் ஜப்பானின் ஹராகுச்சி குழு, களித்தகடுகளையே முடிச்சுகளாக வைத்துக் கட்டிய ஜெல், பல மடங்கு இழுத்தாலும் அறாமல் திரும்புவதைக் காட்டியது. அதற்குப் பிறகுதான் இந்தத் துறை வேகம்பிடித்தது.

இதுவரை சொன்னது ஆய்வகக் கதை. வடித்த நீரில் ஒரே ஒரு சாயத்தைக் கரைத்து, அமில காரம் அளந்து, நன்றாகக் கலக்கி, பிறகு எவ்வளவு நீங்கியது என்று பார்க்கும் சோதனைகளே இந்தத் துறையில் மிகுதி. பெரும்பாலும் மெத்திலீன் நீலம்தான் அந்தச் சாயம். அது நேர்மின் சுமையுள்ளது, களியைப் பார்த்தவுடன் ஒட்டிக்கொள்ளும். தொண்ணூற்றெட்டு விழுக்காடு நீங்கியது என்ற வரியைப் படித்துத் துள்ளும் நம் இளைஞர்கள், அந்த நீரில் வேறு என்ன இருந்தது என்று அடுத்த வரியில் தேட வேண்டும்.

ஏனென்றால் துப்ளிக்குப் போகும் நீரில் உப்பு இருக்கிறது. பஹ்ரைனின் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததில் கடல் உள்ளே புகுந்தது. தொலைவில் உள்ளதற்குப் பாய்ச்சிவிட்டுப் பக்கத்தில் உள்ளதைக் காயவிடும் ஊற்று என்று அதாரி ஊற்றைப் பற்றி இங்கே ஒரு பழமொழி உண்டு. அந்த அதாரியே வற்றியது. உவரான அந்த நிலத்தடி நீர் பழைய கழிவுநீர்க் குழாய்களின் இணைப்புகள் வழியே கசிந்து சேர்கிறது. உப்பில் இருக்கும் சோடியமும் கால்சியமும் களியின் இருக்கைகளுக்காக ஈயத்தோடு போட்டியிடும். ஜெல் சுருங்கிக்கொள்ளும். ஆல்ஜினேட் மணியைக் கட்டியிருக்கும் கால்சியத்தைச் சோடியம் தள்ளிவிட்டால் மணியே குழைந்துபோகும். அதற்குமேல் சமையல் எண்ணெய் வந்து மணிகளின்மேல் படலம் போட்டால் நுண்துளைகள் மூடிவிடும். ஆய்வகத்தில் பல முறை வேலைசெய்த மணி, கலப்படச் சாக்கடையில் சில முறைக்குள் ஓய்ந்துவிடக்கூடும்.

இந்த மண்மணி, நஞ்சு ஒதுங்கித் தனியாக வரும் இடத்தில்தான் முழுத் திறமையோடு வேலைசெய்யும். சென்னை ஐஐடியில் டி. பிரதீப் குழு செய்த பணி இதற்கு நல்ல சான்று. இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடை இறால் ஓட்டுக் கைட்டோசானோடு சேர்த்துச் செய்த நுண்கலவை, ஆர்செனிக் பாதித்த இந்தியப் பகுதிகளில் குடிநீர் வடிப்பானாக மக்களிடம் போய்ச் சேர்ந்தது. அதற்கு வந்த பெருமைகளில் ஒன்று சவூதி அரேபியாவின் இளவரசர் சுல்தான் பின் அப்துல் அசீஸ் பெயரிலான பன்னாட்டு நீர் விருது. அங்கே எதைப் பிடிக்கவேண்டும் என்பது தெளிவு, வரும் நீரின் தன்மையும் தெரிந்தது. கராஜ் எண்ணெயும் குழந்தை டயப்பரும் அந்தக் குழாயில் வருவதில்லை.

கழிவைக் கலக்கும் இடத்திலேயே ஒதுக்கவேண்டும் என்றால் அந்த வேலை எல்லார் கைக்கும் வருகிறது. சல்மாபாத் கராஜில் எஞ்சின் ஆயிலை மாற்றும் தம்பி, பழைய ஆயிலை டிரம்மில் ஊற்றுகிறாரா, தரை வடிகாலில் விடுகிறாரா என்பதில் தொடங்குகிறது. கஃபிட்டேரியா கிரீஸ் டிராப்பை மாதக்கணக்கில் அள்ளாமல் விட்ட முதலாளி, பெயின்ட் பிரஷ்ஷைக் கழுவும் தொட்டியில் தின்னரை ஊற்றும் பெயின்டர், காலாவதியான மாத்திரையைக் கழிப்பறையில் போட்டு இழுத்துவிடும் நாம், எல்லாரும் ஒரே குழாயின் வெவ்வேறு முனைகளில் நிற்கிறோம்.

"அது பலதியா பார்த்துக்கும்" என்று நகராட்சியின் தலையில் போடுவார்கள். "நாம ரெண்டு வருஷ விசாவில வந்தவங்க, நமக்கென்ன" என்பார்கள். கம்பெனி பார்க்கவேண்டியது என்று இன்னொருவர் கைகாட்டுவார். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆலை பெரிதாகக் கொட்டுவதையும் வீடு துளித்துளியாகக் கொட்டுவதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. அதிகம் கெடுப்பவர் அதிகம் கொடுக்கவேண்டும். ஆனால் விசா முடிந்து போகிறவர் குடித்த தண்ணீரும் கடல்நீரை எரிசக்தி செலவழித்துக் காய்ச்சியோ வடிகட்டியோ செய்ததுதான். வாடகையில் பத்து விழுக்காடு நகராட்சிக் கட்டணமாக நம்மில் பலரின் மின்கட்டண ரசீதிலேயே போகிறது. சுத்திகரித்த நீர்தான் சாலையோரப் பேரீச்சைக்கும் இந்நாட்டுப் பண்ணைகளுக்கும் பாய்கிறது. அந்தப் பண்ணைகளின் தீவனமும் பயிரும் திரும்ப யார் வீட்டுக்கு வரும் என்று சொல்லத் தேவையில்லை. வந்தவர், பிறந்தவர் என்று சாக்கடை பிரித்துப் பார்ப்பதில்லை.

இதைவிட முக்கியமான இன்னொரு கேள்வி இருக்கிறது. மணி நஞ்சைப் பிடித்துவிட்டது. சரி. நிரம்பிய மணியை எங்கே வைப்பது?

களி எதையும் அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. ஆயிரம் லிட்டரில் பரவியிருந்த குரோமியம் ஒரு மூட்டைக்குள் வந்துவிடும். அமிலத்தால் கழுவி மணியை மறுபடி பயன்படுத்தலாம், ஆனால் அப்போது அமிலத்தில் நஞ்சு திரண்டிருக்கும். எரித்தால் களி எரியாது, உலோகமும் எரியாது. புதைத்தால், மழை வந்தாலும் அமிலம் பட்டாலும் மறுபடி கசியாது என்று சோதித்த பிறகுதான் புதைக்கவேண்டும். இதற்கு இடமும் பணமும் பொறுப்பாளியும் முன்கூட்டியே முடிவாகாவிட்டால், நாம் செய்தது நஞ்சைச் சேமித்தது மட்டும்தான்.

தமிழ்நாட்டுக்காரர்களான நமக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டாம். ராணிப்பேட்டையில் 1995ல் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் வளாகத்தில் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு கிடந்தது. ஆலை போய்விட்டது, முதலாளி போய்விட்டார், மழைக்காலம்தோறும் மஞ்சள் நீர் கிணறுகளைத் தேடிப் போனது. அதே ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31 அன்று தோல் தொழிற்சாலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில், பிடித்து வைத்திருந்த கசடின் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட பத்துப் பேர் அந்தச் சேற்றில் மாண்டார்கள். சுத்திகரிப்புக்காகக் கட்டிய இடம் அது. பிடித்த நஞ்சைக் கொண்டுபோக ஒழுங்கான வழி இல்லாததன் விலையை, தங்க அறைகூட இல்லாமல் வேலையிடத்திலேயே படுத்தவர்கள் கொடுத்தார்கள். வளைகுடாவில் உழைக்கும் எவரும் அந்தப் பத்துப் பேரை அந்நியராக நினைக்க முடியாது.

திருப்பூர் வேறு பாடம் சொல்கிறது. நொய்யலின் குறுக்கே 1992ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கு நீர் கொடுப்பதற்குப் பதிலாகச் சாயக் கழிவின் தேக்கமாகிப் போனது. ஆயக்கட்டு விவசாயிகள் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. ஊரே ஸ்தம்பித்தது. அதன்பிறகு கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு ஆலைகள் மாறின. சவ்வு வடிகட்டியும் ஆவியாக்கியும் நீரில் பெரும்பகுதியை மீட்டு மறுபடி சாயத் தொட்டிக்கே அனுப்பும் அந்த ஏற்பாட்டை உலகமே வந்து பார்க்கிறது. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக அடுக்கப்பட்டது, அதை வாங்க ஆளில்லை. களியும் ஜெல்லும் அந்த உப்பை நீக்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாயத்தை அவை பிடிக்கலாம், கரைந்த உப்பு அவற்றின் வழியே நழுவிப்போகும். எல்லா நோய்க்கும் ஒரே மருந்தாக இதை விற்க வருபவரை நம்ப வேண்டாம்.

தோல் தொழிற்சாலைக் கழிவால் கெட்ட பாலாற்றின் கரை மக்களுக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் கெடுப்பவரே ஈடு தரவேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடி தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். சட்டம் இருந்தது, தொழில்நுட்பமும் வந்துகொண்டே இருந்தது. யார் எந்தப் பங்கைச் சுமப்பது என்ற உடன்பாடு மட்டும் வரவில்லை. ஆலைக்காரர் அரசைக் கைகாட்டினார், அரசு ஆலையைக் கைகாட்டியது, ஊர்க்காரர் வேலை போய்விடுமோ என்று வாயை மூடிக்கொண்டார்.

பஹ்ரைன் சிறிய நாடு. இங்கே தூரத்து ஊர் என்று கைகழுவ இடமில்லை. குப்பையெல்லாம் போகும் அஸ்கர் கிடங்கும் இந்தத் தீவிலேயேதான் இருக்கிறது. அதனாலேயே இங்கே உடன்பாடு எளிது என்று நம்புகிறேன். 2035க்குள் கண்டல் காடுகளை நான்கு மடங்காக்குவதாக நாடு உறுதி கூறியிருக்கிறது. அந்தக் கன்றுகள் ஊன்றும் சேறு, நம் குழாய்களின் கடைசி முனை.

ஆய்வாளர்கள் வடித்த நீரை விட்டுவிட்டுத் துப்ளிக்கு வரும் உண்மையான கழிவுநீரில், அதன் உப்போடும் எண்ணெயோடும் தங்கள் மணிகளைச் சோதிக்கட்டும், தோற்ற முடிவுகளையும் வெளியிடட்டும். ஆலைகள் தங்கள் கழிவைப் பொதுக் குழாயில் கலக்குமுன் சொந்த வாசலிலேயே பிடித்து, நிரம்பிய பொருளின் செலவையும் தங்கள் கணக்கில் எழுதட்டும். சிறு கராஜ்களால் அதைத் தனியே தாங்க முடியாது. பத்துப் பட்டறைக்கு ஒரு சேகரிப்புத் தொட்டி, முறையாக வந்து எடுக்கும் ஒரு லாரி என்று நகராட்சி ஏற்பாடு செய்தால் எந்தத் தம்பியும் ஆயிலை வடிகாலில் ஊற்ற மாட்டார், அதற்கான காரணமே போய்விடும். டெண்டர் எழுதும் அதிகாரிகள், நிரம்பிய களியை யார் எடுப்பார், எங்கே வைப்பார், எத்தனை ஆண்டு பொறுப்பேற்பார் என்ற மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் இல்லாத எந்தத் திட்டத்தையும் ஏற்க வேண்டாம். ஈசா டவுனில் நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் வேதியியல் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆல்ஜினேட் மணி செய்ய ஒரு பாட வேளை போதும். அதே மணியை உப்புநீரில் போட்டு அது தோற்பதையும் மாணவர்களுக்குக் காட்டுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பொரித்த எண்ணெய் ஆறியதும் புட்டியில் ஊற்றி மூடுங்கள், சிங்கில் விடாதீர்கள். மிஞ்சிய மாத்திரைகளைக் கழிப்பறையில் போடாமல் மருந்துக்கடையில் கேட்டுப் பாருங்கள். வாங்க மறுத்தால் ஏன் என்று கேளுங்கள். தமிழ் அமைப்புகள் அடுத்த பொங்கல் விழாவுக்கு மேடை போடும்போது, ஓரமாகப் பழைய எண்ணெய் வாங்கும் ஒரு டிரம்மையும் வையுங்கள். பத்துக் குடும்பம் கொண்டுவந்தால் அடுத்த ஆண்டு நூறு குடும்பம் வரும். அந்த டிரம்மை எடுத்துப்போக யார் வருவார் என்பதை இப்போதே பலதியாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.